நாலு கட்டை

அந்த நெற்றிச்சுட்டியைக் கழற்றி விடுங்கள், அம்மிணி. குழந்தை தூங்கித் தூங்கி விழுகிறாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் கொக்கி குத்திவிடும். நான் எடுக்கட்டுமா? இதோ, வந்துவிட்டது. முடியோடு சேர்த்து ஊசி போட்டிருக்கிறீர்கள், அதுதான் சிக்கிக்கொண்டது. காலை இப்படி என் மடியில் நீட்டிக்கொள்ளட்டும். பாதத்துச் சாயம் சேலையில் ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும், துவைத்தால் போகிறது.

டான்ஸ் போட்டியா? இதற்காகவா கோயம்புத்தூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்? பரிசு உண்டா? ஆறுதல் பரிசா. சரி, சரி. அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அதை வாங்குகிற பிள்ளையின் அம்மாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

நான் கரூரில் இறங்குகிறேன். நீங்கள் வெள்ளக்கோவிலா? நல்லது, இன்னும் நேரம் இருக்கிறது. என் பெயர் துளசிமணி. எனக்கும் ஒரே மகள்தான், சிந்துஜா. அவளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். அவள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள். பாடுவாள். பாடினாள் என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா, இந்தப் பிள்ளை எங்கேயோ போகப்போகிறது என்று. எங்கேயும் போகவில்லை. எல்லாம் ஒரு டீச்சர் செய்த வேலை. அதைத்தான் சொல்ல வந்தேன். உங்களுக்கும் உதவும். பெண்ணைக் கிளாஸில் விட்டுவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிடக்கூடாது, அம்மிணி. கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் தறி மெக்கானிக். நாச்சிமுத்து என்று கேட்டால் எங்கள் பக்கம் எல்லாத் தறி குடோனிலும் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்திலேயே நின்று நின்று காது பாதி போய்விட்டது. நான் கத்தினால்தான் அவருக்கு ஏதோ கொஞ்சம் விழும். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள், பிள்ளை பாடினால் மட்டும் கேட்கும் என்பார். அவளுக்கு அப்போது ஐந்தாறு வயதிருக்கும். எதிர்க் குடோனில் தறி ஓடுகிற தாளத்துக்கு ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். இவர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு, "ஏம்மணி, புள்ள பாடறது எனக்குக் கேக்குதே" என்பார். "நான் சோறு போடட்டுமான்னு மூணு தரம் கேட்டேன், அது கேக்கலையாக்கும்" என்பேன். "உன்ற சத்தம் கீச்சுனு மேலயே போயிருது துளசி. அவளுது கீழ வந்து உக்காருது" என்பார். காது போன மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது.

ஒரு மில் முதலாளி தன் அம்மா பெயரில் டிரஸ்ட் வைத்து, கல்யாண மண்டபத்து மாடியில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கலை வகுப்பு நடத்தினார். பாட்டு, படம் வரைவது, பறை, காகிதத்தில் பொம்மை செய்வது, எல்லாம் உண்டு. முகூர்த்த நாளாக இருந்தால் கீழே கெட்டிமேளம் கேட்கும், மேலே எங்கள் பிள்ளைகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும். பந்தி சாம்பார் வாசனை படியேறி வரும். வகுப்பு முடிந்ததும் சமையல்காரர் ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்து அனுப்புவார். சிந்து அதைத் தின்னாமல் அப்பாவுக்கு என்று கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவருவாள். கைக்குட்டை முழுக்கப் பாகு. அதற்கு நான் திட்டுவேன். அப்படி ஒரு காலம்.

பாட்டுக்கு வந்தவள் சுபத்ரா டீச்சர். சின்னப் பெண். கல்யாணம் ஆகவில்லை. இசைக் கல்லூரியில் படித்துவிட்டு நேராக வந்தவள். பிள்ளைகளோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அப்போதே தோன்றியது, இவ்வளவு சிரிக்கிறவளிடம் கண்டிப்பு எங்கிருந்து வரும் என்று. ஆனால் சிந்துவுக்கு அவள் என்றால் உயிர். சனிக்கிழமை விடிந்தால் தலைவாரிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை எல்லாம் வரச்சொன்னார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, சுருதிப் பெட்டியில் குமிழைத் திருகித் திருகி, பாட வைத்துக் காட்டினாள். "அக்ஷயா, உனக்கு ஆறு கட்டை. நீ அஞ்சரை. நீ அஞ்சு." கடைசியில் என் பெண். "சிந்து, உனக்கு நாலு."

நாலு! எல்லாப் பிள்ளைகளும் ஐந்து, ஐந்தரை, ஆறு. என் பெண் மட்டும் நாலு. மெடிக்கல் கடைக்காரர் பெண் அக்ஷயா, நேற்று வந்து சேர்ந்தவள், அவளுக்கு ஆறு. அவளுடைய அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நான் அப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். மேஜைமேல் துணி ஓட ஓட, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கறை இருக்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் கண்ணுக்குக் குறை தப்பாது. சூப்பர்வைசரே சொல்வார், துளசியக்கா பார்த்த துணி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததே இல்லை என்று. நூலில் பிறந்து நூலில் வளர்ந்தவள் நான். எங்கள் தொழிலில் இருபதாம் நம்பர் நூல் என்றால் முரடு, துடைக்கிற துணிக்கு ஆகும். நாற்பது கொஞ்சம் பரவாயில்லை. நூறாம் நம்பர் என்றால் பட்டு மாதிரி, விரலில் எடுத்தால் இருப்பதே தெரியாது. நம்பர் ஏற ஏறத்தான் சரக்கு உயர்த்தி. இதைக் குழந்தைகூடச் சொல்லும். அப்படியென்றால் நாலு எங்கே, ஆறு எங்கே?

எல்லோரும் கிளம்பினபிறகு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க டீச்சர், என்ற பொண்ணு மத்தவங்கள விட முன்னாடியே வந்து சேந்தவ. அவள ஏன் நாலுலயே வச்சிருக்கறீங்க? எப்ப ஆறுக்கு ஏத்துவீங்க?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள். "ஐயோ அக்கா, நாலுன்னா நாலாங்கிளாஸ் இல்லீங்க. அது குரல் நிக்கற இடம். சில பேருக்கு மேல நிக்கும், சிலருக்குக் கீழ நிக்கும். சிந்துக்கு நாலு. அங்க நின்னு பாடினா அவளுக்கு மேலயும் இடம் இருக்கு, கீழயும் இடம் இருக்கு."

"அக்ஷயாவுக்கு மட்டும் ஆறு?"

"அவ குரல் அப்படி. செருப்பு சைஸ் மாதிரிங்கக்கா. ஆறாம் நம்பர் செருப்பு நாலாம் நம்பரை விட ஒசத்தின்னு சொல்லுவோமா?"

கேட்டீர்களா, அம்மிணி? சரஸ்வதி கடாட்சமான பாட்டைக் கொண்டுபோய்ச் செருப்போடு சேர்த்துப் பேசுகிறாள். அந்த நிமிஷமே அவள்மேல் எனக்கு இருந்த மரியாதை போய்விட்டது. விஷயம் தெரியாதவள் சமாளிக்கிறாள் என்று புரிந்துவிட்டது. சரி, உன்னை நம்பிப் பிரயோசனம் இல்லை, என் பெண்ணை நானே ஏற்றிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு சுருதிப் பெட்டி வாங்கினேன். டீச்சரிடம் இருந்ததைவிட நல்லது. அதில் நம்பர் போட்டே இருக்கும். விடியக்காலம் எழுப்பி உட்கார வைத்துவிடுவேன். முதலில் நாலரை. அது பழகினதும் ஐந்து. அப்புறம் ஐந்தரை. ஒரேயடியாக ஏற்றவில்லை, பாருங்கள். எனக்கும் விவரம் உண்டு. மிளகுப் பால், பனங்கற்கண்டு, அதிமதுரம், யார் எது சொன்னாலும் செய்தேன். குளிர்ந்த தண்ணீரைக் கண்ணில் காட்டவில்லை. மற்றப் பிள்ளைகள் ஐஸ் வாங்கித் தின்னும்போது என் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு மட்டும் மனசு கேட்குமா? ஒரு பிள்ளையை மேலே கொண்டுவருவதென்றால் சும்மாவா?

ஐந்தரைக்கு வந்ததும் முகவாயைத் தூக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கழுத்தில் நரம்பு கயிறு மாதிரி நிற்கும். "அம்மா, மேல எனக்கு இடமே இல்லம்மா" என்பாள். அந்த டீச்சர் சொல்லிக்கொடுத்த பேச்சு. "இடத்தை நாமதான் பண்ணிக்கணும், சாமி. யாரு நமக்குப் போட்டு வச்சிருக்காங்க?" என்பேன். நான் சொன்னது தப்பா? என் வாழ்க்கையில் யார் எனக்கு இடம் போட்டு வைத்தார்கள்? காலேஜ் படிக்க ஆசைப்பட்டவள் நான். துணி மடிக்கப் போனேன்.

ஒருநாள் காலையில் ஆறு கட்டையில் பாடிக்கொண்டிருக்கிறாள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்கிறார், "ஏம்மணி, புள்ள இப்பெல்லாம் பாடறதே இல்லையா?"

அவள் பாட்டை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைய நீர். மேலே போகப் போகத் தொண்டை வலித்திருக்கும்போல. நான் அவரிடம் கத்தினேன், "பக்கத்துல உக்காந்து பாடிட்டுத்தான இருக்கறா! காதுக்கு ஒரு மெஷினை வாங்கி வைங்கன்னா கேக்கறீங்களா?" அந்த மனுஷனுக்குக் காது அந்த வருஷம் இன்னும் மோசமாகிவிட்டது, பாவம்.

சூலூர் தாண்டிவிட்டதா? ம். குழந்தை நன்றாகத் தூங்குகிறாள். வாய் அசைகிறது பாருங்கள், கனவிலும் ஜதி சொல்கிறாள் போல.

ஆண்டு விழா வந்தது. கீழே மண்டபத்திலேயே மேடை. சுபத்ரா டீச்சர் தானே ஒரு பாட்டு எழுதி மெட்டுப் போட்டிருந்தாள். எங்கள் அமராவதி ஆற்றைப் பற்றி. எனக்கு இன்னும் மனப்பாடம்.

ஆத்து மணலுக்கு அடியிலே
ஆறு ஒண்ணு ஓடுது
காத வச்சுக் கேட்டவனுக்குக்
கதை ஒண்ணு பாடுது.

பாட்டா இது? ஆறு என்றால் கரை புரண்டு வரவேண்டாமா? மணலுக்கு அடியில் ஒளிந்துகொண்டா ஓடும்? ஆனால் முதல் நாலு அடியையும் சிந்து தனியாகப் பாட வேண்டும், பிறகுதான் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று சொன்னாள். "இந்தப் பாட்டே சிந்து குரலுக்காக எழுதினதுங்கக்கா" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். "எத்தனை கட்டை?" என்று கேட்டேன். "நாலுதான்" என்றாள்.

ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். கம்பெனியிலிருந்து எங்கள் செக்கிங் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். மில் முதலாளி முன்வரிசையில். அத்தனை பேருக்கும் முன்னால் என் பெண்ணை நாலு கட்டையில் நிறுத்தி வைக்கப் பார்க்கிறாள். வீட்டில் ஆறு பாடுகிற பெண்ணை! நான் விடுவேனா?

விழா அன்றைக்கு டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். நான் மேடைக்குப் பின்னால் போய் ஆர்மோனியக்காரரைப் பார்த்தேன். குப்பண்ணன் என்று பெயர்.

"ஏனுங்கண்ணா, சிந்துவுக்கு ஆறு கட்டைன்னு டீச்சர் சொல்லச் சொன்னாங்க."

"நாலுன்னுதானே அம்மிணி ஒத்திகைல வாசிச்சோம்?"

"மாத்திட்டாங்க. பாட்டு எடுப்பா இருக்கோணுமாம்."

"அப்படிங்களா? சரி, சொன்னாச் சரிதான்."

சிந்து அங்கேதான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள். என்னைப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாமே, அம்மிணி? வாய் இருந்ததல்லவா? நான் என்ன அடிக்கிற அம்மாவா? ஒருநாளும் ஒரு அடி அடித்ததில்லை.

திரை விலகினது. ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. ஓரத்தில் நின்ற டீச்சர் சட்டென்று திரும்பி ஆர்மோனியக்காரரைப் பார்த்தாள், கையை ஆட்டினாள். அவர் குனிந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். சிந்து ஆரம்பித்துவிட்டாள். முதல் அடி வந்தது. கணீரென்று, அத்தனை உயரத்தில். பக்கத்தில் இருந்தவளைத் தட்டி, "என்ற பொண்ணு" என்று சொன்னேன். மூன்றாவது அடி இன்னும் மேலே போக வேண்டும். "காத வச்சு" என்று எடுத்தாள். எடுத்த இடத்தில் முறிந்துவிட்டது.

நூல் அறுந்தால் ஒரு சத்தம் வரும், உங்களுக்குத் தெரியாது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த மாதிரி.

பின்னாலிருந்து யாரோ சேவல் மாதிரிக் கூவினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். "பாடு சாமி! பாடு! மேல எடு கண்ணு!" என்று கத்தினேன். நான் கத்தாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அப்போது அந்தச் சுபத்ரா என்ன செய்தாள் தெரியுமா? நேராக மேடைக்கு வந்தாள். என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, சுருதியைக் கீழே இறக்கி, நாலு கட்டையில் தானே பாட ஆரம்பித்தாள். அவள் குரல் அந்த இடத்துக்குப் பொருந்தவே இல்லை, அடித்தொண்டையில் திணறுகிறது, எனக்கே கேட்டது. ஆனாலும் பாடினாள். சிந்துவைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி, வா, வா என்கிற மாதிரி. சிந்து சேரவே இல்லை. கையைப் பிடித்தபடி நின்றாள், கண்ணை மட்டும் என்மேல் வைத்துக்கொண்டு. பாட்டு முடிந்ததும் மண்டபமே கைதட்டியது. யாருக்கு? டீச்சருக்கு. என் பெண் பாட வேண்டிய பாட்டை, என் பெண் வாங்க வேண்டிய கைதட்டலை, அவள் வாங்கிக்கொண்டு போனாள். எப்படி இருக்கிறது சூழ்ச்சி?

அப்புறம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நான் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். "சிந்து குரல்ல ஒரு குறையும் இல்லீங்கக்கா. கொஞ்ச நாள் பேசாம இருக்கட்டும். அப்புறம் என்கிட்ட அனுப்புங்க. நாலுலயே இருக்கட்டும். இந்த மாதிரிக் கனமான குரல் பொண்ணுங்களுக்கு அபூர்வமா அமையறது" என்றாள்.

"மொதல்ல பிள்ளைக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கோணும். மேடையில வுட்டுப்போட்டு அப்புறம் ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தா ஆச்சா? இனி அங்க வரமாட்டா" என்றேன்.

சிந்து கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். டீச்சர் போகும்போது அந்தப் பக்கம் பார்த்து, "வரட்டுமா சிந்து?" என்றாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் அதோடு விடவில்லை. டிரஸ்ட் ஆபீசுக்குப் போய், இப்படி விவரம் தெரியாத பெண்ணை வைத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு வந்தேன். ஏற்கெனவே அவர்களுக்கு அந்த மாடிமேல் ஒரு கண் இருந்தது போலிருக்கிறது. கொஞ்ச நாளில் டீச்சர் போய்விட்டாள். பறை வாத்தியாரும் படம் வரைகிறவரும் அவள் பின்னாலேயே போனார்கள். இப்போது அந்த மாடியில் இரண்டாவது பந்தி நடக்கிறது. அக்ஷயா அம்மா என்னை வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் நல்லது செய்யப் போனேன், பழி எனக்கு. பரவாயில்லை.

சிந்துவுக்குக் குரல் பல நாள் கரகரவென்றே இருந்தது. டாக்டரிடம் காட்டினேன். தொண்டைக்குள் ஏதோ தடித்திருக்கிறது என்றார். "குழந்தை ரொம்பக் கத்துமா?" என்று கேட்டார். "ஐயோ, கத்தவே மாட்டாளுங்க டாக்டர். பாடுவா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குரல் என்னவோ திரும்பி வந்துவிட்டது. பாட்டுத்தான் வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு பாடு சாமி" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "வராதும்மா" என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி, "வராதும்மா."

எங்கள் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சிந்து லீவு போட்டு வந்து கூடவே இருந்தாள். நான் காபி வாங்கிக்கொண்டு வரும்போது பார்த்தேன், அவர் காதோரம் குனிந்து நெடுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முகம் அப்படித் தெளிந்து கிடந்தது. நான் உள்ளே போனதும் நிமிர்ந்துவிட்டாள். "என்னடி சொன்ன அப்பாகிட்ட?" என்றேன். "சும்மாம்மா" என்றாள். அப்பனுக்கும் மகளுக்கும் அப்படி என்ன ரகசியமோ. நான் கத்தினால்கூடக் கேட்காத மனுஷனுக்கு இவள் ரகசியம் சொல்கிறாள்.

பல்லடம் வந்துவிட்டதா? டீ வேண்டுமா உங்களுக்கு? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

நேற்றுச் சொல்லாமல்தான் கிளம்பி வந்தேன். முருங்கைக்கீரை அடை, எள்ளுருண்டை, அவளுக்குப் பிடித்ததெல்லாம் எடுத்துக்கொண்டு. லேடீஸ் ஹாஸ்டல். வார்டன் அம்மா நல்ல மாதிரி, மேலே போங்கள் என்றார். படியேறினேன். பாதிப் படியில் ஒரு பாட்டுக் கேட்டது.

யாரோ போனில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆண் குரலா, பெண் குரலா என்று சட்டென்று தெரியவில்லை. அவ்வளவு கீழே. நான் கேட்டறியாத பாட்டு. சத்தமே இல்லை, ஆனால் நின்ற படியில் கால் வழியாக ஏறுகிறது. நான் அப்படியே நின்றுவிட்டேன், அம்மிணி. பை கையை அறுக்கிறது, கீழே வைக்கத் தோன்றவில்லை. பின்னால் ஒரு பெண் வாளியோடு ஏறி வந்தவள், நான் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "சிந்துக்கா பாடறாங்க" என்று சொல்லிவிட்டு அவளும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். துணி துவைக்கப் போனவள்.

எந்தச் சிந்து என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். கழுத்தில் நரம்பு தெரியவில்லை. முகவாய் தூக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. அறையில் இருந்த பொள்ளாச்சிப் பெண், தாரணி, அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். "சிந்து அம்மாதானே? வாங்க ஆன்ட்டி! உங்க பொண்ணு இருக்கறதால எங்க ஹாஸ்டல்ல யாருமே லீவு நாள்ல சினிமாவுக்குப் போறதில்ல. ஏய், நிறுத்தாதடி, அம்மாவும் கேக்கட்டும்!"

சிந்து கண்ணைத் திறந்தாள். எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள். "வாம்மா. சாப்பிட்டியா? ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே" என்றாள்.

என் பிள்ளைக்குப் பாட்டு வருகிறது! எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "நல்லாத்தான் சாமி இருக்குது. ஆனா ஏன் இத்தனை கீழ பாடற? கொஞ்சம் மேல எடுத்துப் பாடினா இன்னும் எடுப்பா இருக்குமே."

நல்லதுக்குத்தானே சொன்னேன்? அந்தத் தாரணி ஏனோ என்னையும் சிந்துவையும் மாறி மாறிப் பார்த்தாள். சிந்து சிரித்தாள். "சரிம்மா" என்றாள். அடையைத் தட்டில் எடுத்து வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். வார்டனிடம் கேட்டு எனக்குப் படுக்க இடம் வாங்கினாள். தலைக்குத் தன் தலையணையைக் கொடுத்தாள். எல்லாம் செய்தாள். பாடவில்லை. இரண்டு மூன்று பெண்கள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

நான் நாலு நாள் இருக்கலாம் என்றுதான் வந்தேன். காலையில் நானே கிளம்புகிறேன் என்றேன். அவள் இரு என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

சிங்காநல்லூரில் என்னை இந்த பஸ்ஸில் ஏற்றிவிடக் கூடவே வந்தாள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். பஸ் எடுக்க நேரம் இருந்தது. அவள் கீழே நிற்கிறாள், நான் ஜன்னலில். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டுத் திரும்புகிறேன். ஹாஸ்டலில் வாளி தூக்கிப் போகிற பெண்ணுக்குக் கிடைக்கிறது எனக்குக் கிடைக்கக்கூடாதா?

"சாமி, ஒரே ஒரு அடி பாடேன்" என்றேன்.

"இங்கயாம்மா?"

"பாடு கண்ணு. இத்தனை ஹாரன் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது?"

அவள் கையை உயர்த்தி, ஜன்னல் கம்பிக்கு வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருந்த என் முந்தானையை உள்ளே தள்ளிவிட்டாள். முகத்தில் துளிக்கூடக் கோபம் இல்லை, அம்மிணி. சின்ன வயதில் ஜாங்கிரியைக் கொண்டுவந்து நீட்டுகிறபோது இருக்குமே, அந்த முகம்தான்.

"உனக்குக் கேக்குமேம்மா" என்றாள்.

உடனே பஸ்ஸை எடுத்துவிட்டான். ஏறினதிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். நீங்களும் ஒரு பெண்ணை வைத்திருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். என்ன பதில் அது? எனக்குக் கேட்கத்தானே நான் பாடச் சொன்னேன்?